முகப்புப் பலகைக்குப் பின்னால்



மும்பை மாநகரின் கறுப்பு மஞ்சள் டாக்சியை அறியாத தமிழர் இந்நகரில் இரார். தாதரிலோ குர்லா முனையத்திலோ ஊரிலிருந்து வந்திறங்கிய நம்மவரைப் பெட்டி படுக்கைகளோடு மாதுங்காவுக்கும் தாராவிக்கும் செம்பூருக்கும் கொண்டு சேர்த்த வண்டி அது. நெடுங்காலம் அத்தொழிலில் கோலோச்சிய பிரீமியர் பத்மினி, செம்பூருக்கு அண்மையிலுள்ள குர்லாவின் தொழிற்சாலையில் உருவாயிற்று. கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று பதிவாயிற்று. இருபதாண்டு வயது வரம்பு நிறைவுற்று, 2023 அக்டோபர் 30 முதல் அது சாலையினின்று விடைபெற்றது.

அந்தப் பழைய வண்டியின் முகப்புப் பலகையில், அதாவது நாம் டாஷ்போர்டு என்று வழங்கும் பகுதியில், இரண்டொரு அளவுமானிகளும் சில விசைகளுமே இருந்தன. வாடகை மீட்டர்கூட வண்டிக்கு வெளியே, முன்புறத்தின் இடப்பக்கத்தில் அமர்ந்து, வண்டி ஓடும் சுழற்சியைக் கொண்டே கணக்கிட்டு வந்தது. இன்றைய டாக்சியை நோக்குங்கள். மின்னணு மீட்டர் உள்ளே வந்துவிட்டது. வழிகாட்டும் கைப்பேசிக்கு ஒரு சார்ஜர், சாலையைப் பதிவு செய்யும் காமிரா ஒன்று, பாட்டுப்பெட்டி ஒன்று. 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் பொதுப் பயண வண்டிகளில் இருப்பிடம் அறிவிக்கும் கருவியும் அபாயப் பொத்தானும் வேண்டுமென மத்திய அரசு விதித்தது. சொந்தக் காரின் உரிமையாளரும் இவற்றுள் சிலவற்றைத் தாமே விரும்பிப் பொருத்திக்கொள்கிறார். கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர் வேண்டும். அவ்வயர் எங்கிருந்து புறப்படுகிறது, எவ்வழியே செல்கிறது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

வயர் வெளியே தொங்கலாகாது என்பதில் எல்லோரும் ஒருமனப்படுகிறோம். தொங்கும் வயர் கண்ணுக்கு உறுத்தலாவதோடு, ஸ்டியரிங்கிலோ பிரேக் மிதியிலோ சிக்கினால் உயிருக்கும் ஆபத்தாகும். ஆதலின் ‘உள்ளே தள்ளி மறைத்துவிடுங்கள்’ என்று மிஸ்திரியிடம் கூறுகிறோம். அவரும் அரை மணி நேரத்தில் மறைத்துத் தருகிறார். நாம் மனநிறைவோடு வீடு திரும்புகிறோம். ஆனால், மறைத்தல் வேறு, நேர்த்தி வேறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போலப் பலகைக்குப் பின்னே வயர்களைத் திணித்து வைப்பது நேர்த்தியாகாது. கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் ஒரு வயர் செல்லுமாயின், புலப்படும் வயரைவிட அதற்கு இருமடங்கு பாதுகாப்பு வேண்டும். அது சூடேறினாலும் தோல் உரிந்தாலும் நமக்குத் தெரியப்போவதில்லை அல்லவா?

வண்டிக்குள் புதுக் கருவியைப் புகுத்தும் கலை நேற்றுத் தோன்றியதன்று. 1930ஆம் ஆண்டு அமெரிக்காவில் சிகாகோ நகரத்துப் பால் கால்வின் என்பவர் மோட்டார் வண்டிக்கென ஒரு ரேடியோவை உருவாக்கினார். அதைத் தம் வண்டியில் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டுக்கு ஓட்டிச் சென்றார். மாநாட்டில் கடை விரிக்க இடம் இல்லாமையால், வெளியே வண்டியை நிறுத்தி ஒலியைப் பெருக்கி, வந்தவர்களைத் தம் பக்கம் ஈர்த்தார். பிற்காலத்தில் மோட்டரோலா எனப் புகழ்பெற்ற நிறுவனம் அதுவே. அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதையொன்றும் உண்டு. கடன் கேட்கச் சென்றவர், வங்கி அதிகாரியின் வண்டியில் ஒரு ரேடியோவைப் பொருத்திக் கொடுத்தாராம். அரை மணிக்குள் அவ்வண்டி தீப்பற்றியதாம். கதை எவ்வளவு மெய்யோ, அது சுட்டும் அபாயம் முற்றிலும் மெய்.

‘வண்டியிலிருப்பது 12 வோல்ட்தானே? வீட்டு மின்சாரம் போல அது நம்மைத் தாக்காதே?’ என்று சிலர் கேட்கக்கூடும். தாக்காது என்பது உண்மை. ஆனால் எரிக்கும். சிறிய காரின் பேட்டரிகூட, எஞ்சினைச் சுழற்றித் தொடங்கும்போது நூறு ஆம்பியருக்கும் மேலான மின்னோட்டத்தைத் தர வல்லது. மெல்லிய வயரொன்று தோலுரிந்து வண்டியின் இரும்பைத் தொட்டுவிட்டால், அவ்வளவு மின்னோட்டமும் அதன் வழியே பாயும். நொடிப்பொழுதில் வயர் செந்நிறமாய்க் காய்ந்து, சுற்றியுள்ள பிளாஸ்டிக்கையும் பஞ்சையும் பற்றவைக்கும். இதைத் தடுத்து நிறுத்தும் காவலன் ஃபியூஸ் ஒன்றே.

இந்த ஃபியூஸைப் பற்றி இரண்டு உண்மைகளை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, ஃபியூஸ் காப்பது கருவியை என்று நினைக்கிறோம். அது முதலிற் காப்பது வயரை. ஆகவே வயர் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்குமோ அதற்குள் ஃபியூஸின் அளவு அமைய வேண்டும். இரண்டாவது, மின்சாரம் எங்கிருந்து எடுக்கப்படுகிறதோ அந்த இடத்தை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும். கருவியின் அருகே ஃபியூஸை வைத்தால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட நீண்ட வயர் காவலின்றிக் கிடக்கும். வாசலில் நிற்க வேண்டிய காவற்காரனைப் புழக்கடையில் நிறுத்துவதற்கு அது ஒப்பாகும்.

அளவை அறிவது கடினமன்று. வாட் என்னும் எண்ணை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 18 வாட் சார்ஜர் 12 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர் கேட்கும். 5 வாட் காமிரா அரை ஆம்பியர்கூடக் கேட்காது. இவற்றுக்கு 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். நிறங்களும் நமக்கு உதவும்: தகட்டு ஃபியூஸ்களில் 3 ஆம்பியர் ஊதா, 5 வெளிர்பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று ஊதாவை எடுத்துவிட்டு மஞ்சளைச் செருகுவதும், சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும், நோயைத் தீர்க்காமல் நாடி பார்ப்பவரைத் துரத்துவதற்குச் சமம். வண்டியின் சொந்த வயரை வெட்டி ஒட்டுப்போடுவதற்கு மாறாக, ஃபியூஸ் பெட்டியிலேயே செருகும் கிளைத்துண்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. பழைய ஃபியூஸுக்கு ஓரிடமும் புதுக் கருவியின் ஃபியூஸுக்கு ஓரிடமும் அதில் உண்டு. அதைப் பயன்படுத்தினால், பின்னர் வேண்டாமென்று கழற்றும்போது வண்டி பழைய நிலைக்கே திரும்பும்.

அடுத்து, எர்த் என்னும் இணைப்பு. மொழிபெயர்ப்பை ஊழியமாகக் கொண்ட எனக்கு இச்சொல்லில் தனி ஈடுபாடு உண்டு. இதைப் புவி இணைப்பு என்று பெயர்த்தால், வீட்டுக்குப் பொருந்தும், காருக்குப் பொருந்தாது. காரோ ரப்பர்ச் சக்கரங்களின் மேல் நிற்கிறது. புவியோடு அதற்கு உறவில்லை. அங்கே எர்த் என்பது வண்டியின் இரும்புடலே. பேட்டரியின் எதிர்முனை அதனோடு பிணைக்கப்பட்டிருப்பதால், கருவியிலிருந்து திரும்பும் மின்சாரம் உடல்வழியே வீடு சேர்கிறது. ஆகவே பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் தெரிந்த இடத்தில், வளையமுனை கொண்டு போல்ட்டால் இறுக்க வேண்டும். பெயின்ட்டின் மேலேயே வைத்து முடுக்கினால் கருவி இயங்குவதும் நிற்பதுமாய் அலைக்கழிக்கும்.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைத்தல் நன்று. வயர்களை முறுக்கி டேப் சுற்றுவதைவிட, முனைகளை அழுத்திப் பூட்டும் இணைப்பே அதிர்வைத் தாங்கும். வீட்டு வேலைக்கான பளபளப்பு டேப் வெயிலில் இளகிப் பிசினாகிவிடும். மோட்டார் வயருக்கென்றே உள்ள துணி டேப் நிலைக்கும். இரும்புத் துளை வழியே வயர் செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். இல்லையேல், கூர்மையான விளிம்பு மும்பைச் சாலைக் குழிகளின் உதவியோடு வயரைச் சிறிது சிறிதாக அறுத்துவிடும்.

இன்னொரு முக்கியச் செய்தி. 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கான காற்றுப்பை கட்டாயமாயிற்று. சில வண்டிகளில் முன்கண்ணாடியை ஒட்டிய தூணுக்குள்ளும் பக்கவாட்டுக் காற்றுப்பை மடிந்து கிடக்கிறது. காமிராவின் வயரை அத்தூணில் இறக்கும்போது, காற்றுப்பைக்கு முன்னால் விட்டால், விபத்து நேரத்தில் பை விரிவது தடைப்படும். அன்றி, அவ்வயரையே நம் முகத்தில் வீசும். வயர் பைக்குப் பின்னால் செல்ல வேண்டும். பொதுவாக மஞ்சள் நிற இணைப்புகள் காற்றுப்பைக்கு உரியவை, அவற்றைத் தொடலாகாது. காற்றுப்பை மூடியின் மேல் கைப்பேசித் தாங்கியை ஒட்டுவதும் கூடாது.

கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நம்மவர்க்கு ஒரு கணக்கு. வண்டி நிற்கும்போதும் பதிவு செய்யும் காமிரா கால் ஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி. பத்து நாட்களுக்கு 60. சிறிய காரின் பேட்டரியோ ஏறத்தாழ 35 ஆம்பியர்-மணியே கொள்ளும். திருநெல்வேலியிலிருந்து திரும்பி வந்து சாவியைத் திருப்பினால், வண்டி மௌனமாக இருக்கும். ஆகவே சாவியோடு உயிர்பெற்றுச் சாவியோடு அணையும் இணைப்பே பெரும்பாலோர்க்கு ஏற்றது. எப்போதும் பதிவு வேண்டுவோர், பேட்டரியின் அழுத்தம் 12 வோல்ட்டளவுக்கு இறங்கியதும் தானே துண்டிக்கும் கருவியை இடையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மும்பையில் வாழ்வோர் மழையை மறக்கலாகாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பொழிந்தது. மின்சாரக் கண்ணாடிகளும் பூட்டுகளும் செயலிழக்க, வண்டிக்குள்ளேயே சிக்கி உயிரிழந்தோரும் உண்டு. கிங்ஸ் சர்க்கிளிலும் சயனிலும் நீர் தேங்குவது ஆண்டுதோறும் நாம் காணும் காட்சி. எனவே இருக்கைக்கு அடியிலும் தரைவிரிப்பின் கீழும் இணைப்புகளை வைக்காமல், இயன்றவரை உயரத்தில் வையுங்கள். நீர் வடிந்த பின்னும், ஈரம் புகுந்த இணைப்பில் செம்பு பச்சை பூத்து, மாதங்கள் கழித்துக் கோளாறு காட்டும். கண்ணாடியை உடைக்கும் சிறு சுத்தியல் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் நலம்.

புதிதாகப் பொருத்திய மின்சாதனங்களை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு அறிவித்து, அதற்குரிய கூடுதல் கட்டணத்தைச் செலுத்திப் பாலிசியில் சேர்ப்பதும் நம் கடமையே. வெட்டி ஒட்டிய வயரைக் காரணம் காட்டி வண்டியின் உத்தரவாதம் மறுக்கப்படவும் இடமுண்டு.

இவ்வளவையும் நாமே செய்ய வேண்டுவதில்லை. குர்லாவிலும் கிராண்ட் ரோடிலும் கைதேர்ந்த மிஸ்திரிகள் இருக்கின்றனர். அவர்களிடம் நான்கே கேள்விகளைப் பணிவோடு கேளுங்கள். மின்சாரத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? ஃபியூஸ் எங்கே, எத்தனை ஆம்பியர்? எர்த்தை எந்த போல்ட்டில் பூட்டினீர்கள்? வயர் எவ்வழியே செல்கிறது? நல்ல தொழிலாளி இக்கேள்விகளால் மகிழ்வாரேயன்றிச் சினங்கொள்ளார். அவர் பலகையை மூடுமுன் உங்கள் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை வேறொருவர் அதைத் திறக்கும்போது, எந்த வயர் எதற்கு என்று தேடித் திணறாதிருக்க அப்படம் துணைசெய்யும்.

திறந்து காட்ட அஞ்ச வேண்டாத வேலையே நேர்த்தியான வேலை. அத்தகைய வேலையைக் கேட்டுப் பெறுங்கள். அதற்குரிய கூலியைத் தயங்காமல் கொடுங்கள்.