சீனித்துளசிக்குப் பகல் போதவில்லை

சீனித்துளசி இலை ஒன்றைக் கிள்ளி மென்று பாருங்கள். முதலில் வாயெல்லாம் தித்திக்கும். சற்று நேரத்தில் அடிநாக்கில் லேசாகக் கசக்கும். அந்தக் கசப்பைப் போக்கத்தான் பயிர் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பாடுபடுகிறார்கள்.

பெயரில்தான் துளசி. உண்மையில் இது சூரியகாந்திக் குடும்பம். ஸ்டீவியா என்று கடைகளில் விற்பதும் இதுதான். பராகுவே நாட்டின் அமம்பாய் மலைப்பகுதி இதன் பிறந்த மண். அங்குள்ள குவரானி மக்கள் தலைமுறை தலைமுறையாக மாத்தே பானத்தில் இந்த இலையைப் போட்டுக் குடித்துவந்தார்கள். அவர்கள் சொல்லித்தான் தாவரவியலாளர் மொய்சேஸ் பெர்தோனி இதை அறிந்தார். 1899-இல் தாவரவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். 1970-களில் ஜப்பான் இதைப் பெரிய அளவில் இனிப்புக்குப் பயன்படுத்தத் தொடங்கியது.

இந்தச் செடி ஊர் மாறும்போதுதான் சிக்கல். மண்ணையும் நீரையும் நாம் சரிசெய்துவிடலாம். பகல் பொழுதை என்ன செய்வது? பகல் சுமார் 13 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் இந்தச் செடி பூக்கத் தொடங்கிவிடும். பூத்தால் இலை பெருகாது, இனிப்பும் இறங்கும். தமிழ்நாட்டிலோ ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை! அதனால் செடி வளர்வதற்குள் மொட்டு வந்துவிடுகிறது. விவசாயி அதைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கனடாவில் கதை நேர்மாறு. நீண்ட கோடைப் பகலில் இலை செழிக்கும். பூப்பது தள்ளிப்போய், விதை முற்றும் முன் உறைபனி வந்துவிடும்.

விதையும் எளிதில் கைகொடுக்காது. ஆயிரம் விதை சேர்ந்தாலும் ஒரு கிராம் தேறாது. வெளிறிய விதை பதர், கறுத்ததுதான் முளைக்கும். தன் மகரந்தத்தால் தானே காய்க்காத செடி என்பதால் நாற்றுக்கு நாற்று குணம் வேறு. ஒன்றில் கசப்பு தூக்கலான ஸ்டீவியோசைடு என்ற இனிப்புப் பொருள் மிகுந்திருக்கும். பக்கத்துச் செடியில் நல்ல சுவையுள்ள ரெபாடியோசைடு-ஏ என்ற இனிப்புப் பொருள் மிகுந்திருக்கும். ஆய்வாளருக்கு இந்த வேற்றுமைதான் பொன்.

நம் பகுதிக்கான ரகமும் அதிலிருந்துதான் வர வேண்டும். வயல் முழுக்க வெள்ளைப் பூ பூத்திருக்கையில், இன்னும் மொட்டு வைக்காமல் இலை விட்டுக்கொண்டிருக்கும் ஒரு செடி எங்கோ ஒரு வரப்போரம் நிற்கலாம். அதன் இலையை மென்று பாருங்கள். கசப்பு குறைவென்றால் அதில் குச்சி வெட்டி நடுங்கள்.