வயல்வெளிப் பறவைகளும் வளர்ச்சிக் கணக்கும்

வேளாண் வளர்ச்சியை அளக்க விளைச்சல், பாசனப் பரப்பு, உர நுகர்வு ஆகிய புள்ளிவிவரங்கள் பயன்படுகின்றன. குளிர்காலத்தில் வயலுக்கு வரும் பறவைகளின் எண்ணிக்கை அவற்றோடு சேர்க்கப்படுவதில்லை. ஆயினும் நிலத்தின் நலத்தைக் காட்டும் அளவுகோல்களில் அதுவும் ஒன்றாகும்.

குஜராத்தின் பவநகர் மாவட்டத்திலுள்ள வேளாவதார் புல்வெளி இதற்குத் தக்க சான்று. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பூனைப்பருந்துகள் குளிர்கால இரவுகளில் இப்புல்தரையில் கூட்டமாகத் தங்குகின்றன. பகலில் சுற்றுப்புற வயல்களின்மேல் தாழப் பறந்து வெட்டுக்கிளிகளைப் பிடித்து உண்கின்றன. உழவர் செலவின்றிப் பெறும் பயிர்ப் பாதுகாப்பு இது. புல்வெளி அழிந்தால் இவ்வுதவியும் நின்றுவிடும்.

2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்தவை 338 மட்டுமே. அவற்றுள் 204 இனங்கள் குறைந்துள்ளன. எஞ்சிய 604 இனங்களின் நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவு இல்லை.

இக்குறையை நீக்கும் பணியில் மாணவர்க்கும் பங்குண்டு. வரப்பில் நடமாடும் வாலாட்டிக் குருவியையும், தோட்டத்து மரத்தில் அமரும் ஈப்பிடிப்பானையும் பதினைந்து நிமிடம் நோக்கி, நாளும் இடமும் எண்ணிக்கையும் குறித்தால் போதும். ஆண்டுதோறும் அதே இடத்தில் எடுக்கும் கணக்கே ஏற்றஇறக்கத்தை உணர்த்தும்.

புல்வெளிகள் பல அரசுப் பதிவேடுகளில் தரிசு என்றே குறிக்கப்பட்டுள்ளன. அவற்றை வேறு பயனுக்கு ஒதுக்குமுன், அங்கு எடுக்கப்பட்ட குளிர்காலப் பறவைக் கணக்கையும் அலுவலர்கள் கருத்திற்கொள்வது நலம். இழந்த புல்வெளியை மீட்பது எளிதன்று.