விளையாட்டுக் கணினியைப் புதுப்பித்தல்: எது எதற்காகக் காத்திருக்கிறது?

வீட்டிலுள்ள கணினி புதிய விளையாட்டுகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறத் தொடங்கியதும், சந்தையில் எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு சிறந்தது என்று விசாரிப்பதே பலரின் வழக்கமாக உள்ளது. ஆயினும் அதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி, கணினிக்குள் எந்த உறுப்பு எந்த உறுப்புக்காகக் காத்திருக்கிறது என்பதாகும்.

திரையில் அசையும் காட்சி, ஒரு நொடியில் பலமுறை புதிதாக வரையப்படும் படங்களின் தொடரே. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமெனில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி, 144 படங்கள் எனில் 7 மில்லிநொடிகூட இல்லை. அந்த நேரத்துக்குள், பிராசசர் எனப்படும் மையச் செயலி பாத்திரங்களின் இருப்பையும் பொருள்களின் இயக்கத்தையும் கணக்கிட்டு ஆணையிட, கிராஃபிக்ஸ் கார்டு அந்த ஆணையின்படி திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைத் தீர்மானிக்கிறது. இவ்விரண்டில் மெதுவானது எதுவோ, அதுவே மற்றதையும் தன் வேகத்துக்கு இழுத்து நிறுத்துகிறது.

மெதுவானது எது என்பதைச் செலவின்றியே அறியலாம். நான்கு-கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகளும் முழு எச்டி திரையில் அதில் கால்பங்கும் உள்ளன. ஆகவே விளையாட்டின் அமைப்புகளில் ரெசல்யூஷனைக் குறைத்தால் கிராஃபிக்ஸ் கார்டின் சுமை பெரிதும் இறங்குகிறது, பிராசசரின் சுமையோ பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அவ்வாறு குறைத்ததும் படங்களின் எண்ணிக்கை தெளிவாக உயர்ந்தால் கார்டே தடை. உயராவிட்டால் பிராசசர் மீது ஐயம் கொள்ளலாம். ஆனால் வீ-சிங்க் போன்ற வேக வரம்புகளை முதலில் நீக்காவிட்டால் இந்தச் சோதனை பொய் சொல்லும்.

பிராசசர்தான் தடை என்றானால், அதைத் தாங்கும் மதர்போர்டின் சாக்கெட், அதாவது பிராசசர் பொருந்தும் பொருத்துவாய், எந்த வகை என்பது செலவையே மாற்றிவிடுகிறது. ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் இதற்குத் தக்க சான்று: 2017-இல் முதல் ரைசன் வரிசையை ஏற்ற அதே பொருத்துவாயில், மதர்போர்டு தயாரிப்பாளர் பயாஸ் எனும் அடிப்படை மென்பொருளுக்கு உரிய புதுப்பிப்பை வழங்கியிருந்தால், 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யையும் பொருத்த முடிந்தது. அந்தப் பிராசசரின் சிறப்பு, அடிக்கடி தேவைப்படும் தரவுகளை அருகிலேயே வைத்துக்கொள்ளும் கேஷ் நினைவகம். அதன் மூன்றாம் அடுக்கு 96 எம்பி அளவுக்குப் பெருக்கப்பட்டதால், விளையாட்டுகள் பலவற்றில் அது தன்னினும் புதியவற்றோடு போட்டியிட்டது. மாறாக ஏஎம்5-க்குத் தாவுபவர், அது டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்பதால், பழைய மதர்போர்டோடு டிடிஆர்4 ரேமையும் கைவிட வேண்டியதாகிறது. ஏஎம்4 வைத்திருப்பவர் அதன் எல்லையைத் தொடும்வரை அதிலேயே நிற்பது சிக்கனம் மட்டுமன்று, பெரும்பாலும் சரியான பொறியியல் முடிவும்கூட. பயாஸ் புதுப்பிப்பை மட்டும் பழைய பிராசசர் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்; கழற்றிய பிறகு நினைவுக்கு வந்தால் திரை இருண்டே கிடக்கும்.

ரேமைப் பொறுத்தவரை, ஒற்றை 16 ஜிபி அட்டையைவிட இரண்டு 8 ஜிபி அட்டைகள் இரு வழிகளில் தரவை அனுப்புவதால் மேலானவை.

மிகுதியும் புறக்கணிக்கப்படுவது எஸ்எம்பிஎஸ் என்று கடைகளில் வழங்கும் மின்வழங்கிதான். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட் போதும். ஆர்டிஎக்ஸ் 3080-க்கோ 320 வாட் தேவை, அதுவும் கணநேர உச்சங்களில் அந்த அளவைத் தாண்டும். பெட்டியின் மேலுள்ள 80 பிளஸ் முத்திரை மின்சாரம் வீணாகாத அளவை மட்டுமே சொல்கிறது. பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்துக்கு அது உத்தரவாதம் அன்று. மின்வழங்கியை மாற்றும்போது, கழற்றி மாட்டக்கூடிய பழைய கம்பிகள் புதியதில் கச்சிதமாகப் பொருந்தினாலும் அவற்றைப் பயன்படுத்தலாகாது. மின்வழங்கிப் பக்க முனைகளின் மின் இணைப்பு வரிசைக்குப் பொதுத்தரம் இல்லாமையால், தவறான மின்னழுத்தம் பாய்ந்து சேமிப்பு வட்டுகளையும் அவற்றிலுள்ள கோப்புகளையும் ஒருசேர அழித்துவிடக்கூடும்.