முட்டுக்கட்டை போடுவோம்!
(சிங்கப்பூரில் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



சங்கம் என்றாலே முட்டுக்கட்டை போடும் கூட்டம் என்று சில நிர்வாகிகள் குறை கூறுவதுண்டு. இன்று நாம் முட்டுக்கட்டை போடச் சொல்லத்தான் வந்திருக்கிறோம். வேலைக்கு அல்ல, நிறுத்திய லோரியின் சக்கரத்துக்கு!

திருவாரூர் ஆழித்தேர் ஏறக்குறைய 300 டன் எடையுள்ளது. அதற்கு இன்று ஹைட்ராலிக் பிரேக் உண்டு. ஆனாலும் முட்டுக்கட்டை போடுகிறவர்களை யாரும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. தேருக்கு வேண்டியது லோரிக்கு வேண்டாமா?

இங்கே தேக்காவைப் பாருங்கள். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்களே அங்கே மாடுகள் நிறைந்திருந்த காலத்தைச் சொல்லும். மாட்டை அவிழ்த்ததும் வண்டிச் சக்கரத்துக்கு ஒரு கல் அண்டை கொடுப்பது நம் பாட்டன்மார் வழக்கம். மாடு போய் லோரி வந்தது. அந்த நல்ல வழக்கமும் மாட்டோடு போய்விட்டது!

"ஹேண்ட் பிரேக்தான் இருக்கிறதே" என்பார்கள். பல லோரிகளில் அது பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கினால் அந்தப் பிடி போயிற்று. ஓடிச் சூடேறிய பிரேக், ஆறும்போது தளர்வதும் உண்டு. பாரம் ஏற்றி இறக்கும்போது வண்டி அசையும். இத்தனைக்கும் ஒரே ஒரு பிரேக்கை நம்பி, வண்டிக்கும் சுவருக்கும் நடுவே நம் தோழன் நிற்கிறான்!

ஆகவே முறையைக் கேளுங்கள். கூடுமானவரை சமதரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்த பிறகே கட்டை. சரிவானால் வண்டி எந்தப் பக்கம் உருளுமோ அந்தப் பக்கத்தில், இரண்டு சக்கரங்களுக்கும் போடுங்கள். சமதரையானால் ஒரே சக்கரத்துக்கு முன்னும் பின்னும் போடுங்கள். டயரின் நடுவில், இடைவெளியின்றி அணைந்திருக்க வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கினால் முன்சக்கரங்களுக்கே கட்டை. செங்கல் நொறுங்கும், பலகைத் துண்டு வழுக்கும், எண்ணெயும் ஈரமும் உள்ள தரையில் நல்ல கட்டையும் சறுக்கும். சிறிய கட்டை மேல் பெரிய சக்கரம் ஏறிவிடும். பக்கவாட்டில் நின்று போடுங்கள், எடுங்கள். உருளத் தொடங்கிய வண்டிக்குக் கட்டை போட ஓடாதீர்கள். விலகுங்கள், கூவி எச்சரியுங்கள். லோரி போனால் வேறு லோரி வரும், உயிர் வருமா?

சிங்கப்பூரில் 2023-ல் வேலையிடங்களில் 36 பேர் மாண்டார்கள். வேலையிட மரணங்களின் முக்கியக் காரணங்களில் வாகன விபத்தும் ஒன்று. 2006-ல் நடைமுறைக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியின் மேல் பாதுகாப்புக் கடமையை வைத்திருக்கிறது. கொடுத்த சாதனத்தைப் பயன்படுத்தும் கடமையை நம் மேலும் வைத்திருக்கிறது. கட்டை வாங்கித் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. அதைப் போடுவது நம் பொறுப்பு.

தோட்டத்திலிருந்து வந்துள்ள தோழர்களே! மேட்டில் நிற்கும் பால் லோரிக்கும் இதே நியாயந்தான். கட்டை போடும்வரை பால்வாளியோடு அதன் பின்னே போய் நிற்காதீர்கள். கிராணிமார்களே! லோரிப் பதிவுப் புத்தகத்தில் 'கட்டை போட்டாயிற்றா?' என்று ஒரு கட்டம் சேருங்கள். பேனாவும் உயிர் காக்கும்.

"நேரமில்லை" என்று மேஸ்திரி சொன்னால், கட்டை போட ஒரு நிமிஷம் போதும் என்று ஒன்றாய் நின்று சொல்லுங்கள். தனி ஆள் சொன்னால் அது முணுமுணுப்பு. எல்லோரும் சொன்னால் அது சங்கம்.