குனிந்த முதுகுகளை வரைந்த மனிதர்
(மாதர் கூட்டத்தில் எமது சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



சம்பளப் பேச்சு முடிந்துவிட்டது. இனி ஒரு படத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். படத்துக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் ஒரு அக்கா கேட்கிறார். கொஞ்சம் பொறுங்கள் அக்கா.

பிரான்ஸ் நாட்டில் மில்லே என்றொரு ஓவியர் இருந்தார். 1814இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இளவயதில் வயலில் பாடுபட்டவர். 1849இல் பாரிஸை விட்டு பார்பிசோன் என்ற கிராமத்துக்குக் குடிபோனார். 1875இல் அங்கேயே இறந்தார்.

அந்தக் காலத்தில் பெரிய படம் என்றால் ராஜாவும் யுத்தமும்தான். மில்லே 1857இல் கதிர் பொறுக்கும் மூன்று பெண்களைக் கொண்டுவந்து வைத்தார். அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடப்பதைப் பொறுக்கிக்கொள்ள ஏழைகளுக்கு உரிமை இருந்தது. இரண்டு பேர் இடுப்பு மடியக் குனிந்திருக்கிறார்கள். மூன்றாமவர் பாதி குனிந்து நிற்கிறார். முகங்கள் சரியாகத் தெரியாது; முதுகும் கையும்தான் தெரியும். தூரத்தில் மலைபோல் கதிர்ப்போர், பாரம் ஏற்றிய வண்டி, குதிரைமேல் மேற்பார்வை செய்யும் ஒரு ஆள். அந்தக் குதிரைக்காரர் யாரென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பணக்காரர்களுக்குப் படம் பிடிக்கவில்லை. 1848 புரட்சி நடந்து ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது. குனிந்திருக்கும் இந்தப் பெண்களுக்குப் பின்னால் கலகம் நிற்பதாகச் சில விமர்சகர்கள் பயந்தார்கள்.

1864இல் அவர் காட்டிய ஆடு மேய்க்கும் பெண்ணை மட்டும் எல்லோரும் புகழ்ந்தார்கள். சிவப்பு முக்காடு, பின்னால் மந்தை, ஒரு நாய். அமைதியான படம் என்றார்கள். அவள் கையைப் பாருங்கள். நின்றபடியே கம்பளி நூல் பின்னிக்கொண்டிருக்கிறாள். மேய்க்கும் நேரத்திலும் கைக்கு ஓய்வில்லை. இது ஆண்களின் கண்ணில் உடனே படாது. இங்கிருக்கும் தாய்மாருக்குப் படும்.

இன்னொரு விஷயம். மாலை மணியோசை கேட்டு வயலிலேயே நின்று ஜெபிக்கும் ஒரு தம்பதியையும் அவர் வரைந்தார். சொற்பக் காசுக்கு விற்ற அந்தப் படம், அவர் இறந்து 14 வருடம் கழித்து, 1889இல், ஐந்து லட்சம் பிராங்குக்கு மேல் ஏலம் போனது. அவருடைய குடும்பத்துக்கு அதில் ஒரு சல்லியும் இல்லை. இப்படிப்பட்ட அநியாயங்களைச் சொல்லிச் சொல்லித்தான், படம் மறுபடி விற்கப்படும்போது ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு கொடுக்க வேண்டும் என்று 1920இல் பிரான்ஸில் சட்டம் வந்தது. கொழும்பில் தேயிலை ஏலம் போகும் விலையையும் நம் கைக்கு வரும் நாட்சம்பளத்தையும் பார்த்தவர்கள் நாம். அக்கா, சம்பந்தம் இதுதான்.

மூன்று படங்களின் பிரதிகளும் மேசைமேல் இருக்கின்றன. பிள்ளைகளையும் கூட்டிவந்து, கையில் எடுத்துப் பாருங்கள்.