துவைத்த சட்டையும் நாற்பது விழுக்காடும்



எனக்கு மனச்சிதைவு. பதினோரு ஆண்டுகளாக மாத்திரையில் இருக்கிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் ஏற்கிறது. ஆனால் 40 விழுக்காடு என்று சான்று வேண்டும். தற்காலிகச் சான்று காலாவதியானால் மறுபடியும் வரிசை.

கடந்த முறை துவைத்த சட்டையோடு போனேன். "நல்லாத்தானே இருக்கீங்க?" என்றார்கள்.

அவர்கள் கையிலிருந்த 'ஐடியாஸ்' அளவுகோல் சட்டையைப் பார்க்கச் சொல்லவில்லை. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கையும், நோய் நீடித்த காலத்தையும் எடைபோடச் சொல்கிறது. ஒருநாள் முகத்தில் இவை தெரியாது.

நல்ல துணி உடுத்தியதற்காக அடிவாங்கிய சமூகம் நாம். அம்பேத்கர் கோட்டு அணிந்ததன் அரசியல் நமக்குத் தெரியும். உதவித்தொகைக்காக அழுக்காகப் போகச் சொல்வது, அந்த உரிமையைக் கழற்றி வைக்கச் சொல்வதுதான்.

இப்போது நான் தூங்காத இரவுகளையும், குளிக்க முடியாத நாட்களையும், போக முடியாத வேலையையும் நோட்டில் தேதியோடு எழுதுகிறேன். மருந்துச் சீட்டுகளைச் சேர்த்து வைக்கிறேன். அறைக்குள் வார்த்தை வராதபோது நோட்டு பேசும்.

நோட்டு மட்டும் போதாது, ஆளும் வேண்டும். உங்கள் தெருவில் யாருக்காவது மதிப்பீட்டு நாள் வந்தால், ஒருநாள் விடுப்பெடுத்துக் கூடப் போங்கள். நாம் கேட்பது பிச்சையல்ல, உரிமை.