ஒப்பந்தம் புதுப்பிக்கும் முன்னர்

(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



2004 ஆழிப்பேரலையின் பின்னர் மட்டக்களப்புக்கு அரச சார்பற்ற நிறுவனங்கள் பல வந்தன. எம்மில் பலர் மொழிபெயர்ப்பாளராகவும் கள உத்தியோகத்தராகவும் அவற்றில் சேர்ந்தனர். ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஒப்பந்தம். முடிந்ததும் அதே தொகைக்கு இன்னொரு கடிதம். இன்று வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்யும் எம் தங்கைமாரின் நிலையும் இதுவே. குடும்பத்தைத் தனியே தாங்குவோரும் எம்மிடையே உள்ளனர். அதனால்தான் இதைப் பேசுகிறோம்.

நிரந்தர ஊழியருக்காக முதலாளி சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் செலுத்துகிறார். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால், 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 19 வீதம். சுயாதீன ஒப்பந்தக்காரருக்கு இவை கிடையா. ஆகவே, 100,000 ரூபாச் சம்பளத்துக்குரிய வேலையை அதே தொகைக்கு ஏற்றால், மாதம் 19,000 ரூபாவை நாமே விட்டுக்கொடுக்கிறோம். சம்பளத்துடன் லீவும் இல்லை.

விலைவாசியையும் மறக்கலாகாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். பழைய தொகைக்கே கையெழுத்திட்டவர்களின் வருமானம் கடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கியது.

எம் ஊரில் வீடும் வளவும் வயலும் பெண்வழி வருபவை. வயலைக் குத்தகைக்குக் கொடுக்கும் எம் தாய்மார் விதைப்புக்கு முன்னரே பேசி முடிப்பார்கள். அறுவடைக்குப் பிறகு பேசினால் யார் கேட்பார்? ஒப்பந்தமும் அப்படியே. முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள். முதலில் ஒப்புக்கொண்ட வேலை எது, பின்னர் மேலதிகமாகச் சேர்ந்தது எது என்று பட்டியலிடுங்கள். தொகையைக் கூட்ட முடியாதென்றால் வேலையைக் குறைக்கச் சொல்லுங்கள். கொடுப்பனவுத் திகதியையும், ஒப்பந்தத்தை இடையில் நிறுத்துவதானால் முன்னறிவித்தல் காலத்தையும் எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று: நேரத்துக்கு வருகை, மேலதிகாரியின் கட்டளை, அவர்களுடைய மேசை, அவர்களுடைய கணினி என்று எல்லாம் ஊழியருக்குரியதாக இருந்தால், கடிதத்தில் 'ஒப்பந்தக்காரர்' என்று எழுதியிருப்பதால் மட்டும் நாம் அப்படி ஆகிவிடமாட்டோம். தொழில் நியாய சபை பெயரை மட்டும் பார்ப்பதில்லை. வேலை நடக்கும் விதத்தையும் பார்க்கும்.

கூலி கேட்பது பேராசையல்ல. கடிதம் கைக்கு வந்ததும், கையெழுத்திடுமுன் அனுபவமுள்ள ஓர் அக்காவிடம் காட்டுங்கள். எம் சங்கத்தில் அத்தகைய அக்காமார் நிறையப் பேர் இருக்கிறார்கள்.